வங்கித் தேர்வு ஆங்கிலம்: தெரியாத சொல் வந்தால்?

தமிழ்வழியில் பட்டம் முடித்த உங்கள் மகளுக்குக் கணக்கும் ரீசனிங்கும் நன்றாக வருகின்றன, ஆங்கிலத்தில் மட்டும் கட்-ஆஃப் எனும் குறைந்தபட்ச மதிப்பெண்ணை எட்டவில்லை என்கிறீர்கள். நாளுக்கு 50 சொல் மனப்பாடம் செய்யப் புத்தகமும் வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். அதைக் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள். பட்டியலில் படித்த சொல் தேர்வில் வருவதே குறைவு. வந்தாலும் படித்த பொருளிலேயே வரும் என்று சொல்ல முடியாது.

ஒன்று பாருங்கள். ரூபாய் மதிப்பின் சரிவை 'அரெஸ்ட்' செய்ய ரிசர்வ் வங்கி நடவடிக்கை எடுத்தது என்று பத்தியில் ஒரு வரி. சொல் தடித்த எழுத்தில் இருக்கும், பொருள் கேட்பார்கள். 'கைது செய்' என்பதும் ஒரு விடையாக நிற்கும்; மனப்பாடம் செய்தவர் முதலில் விழுவது அங்கேதான். சரிவை யாரும் கைது செய்ய முடியாது, தடுத்து நிறுத்தத்தான் முடியும். இந்த வேலை மகளுக்குப் புதிதும் அல்ல. 'படி ஏறினான்', 'ஒரு படி அரிசி', 'பாடத்தைப் படி' மூன்றையும் அவர் அகராதி பார்த்தா பிரித்தறிகிறார்?

ஆங்கிலத்தில் இதை வரிசையாகப் பழக வேண்டும். முதலில் அந்தச் சொல் பெயரா, வினையா, பெயரடையா என்று பார்க்கட்டும். பொருந்தாத விடைகள் சில சமயம் அங்கேயே கழன்றுவிடும். அடுத்து 'பட்', 'அன்லைக்', 'ஆல்தோ', 'பிகாஸ்' போன்ற இணைப்புச் சொல்லைத் தேடட்டும். 'அன்லைக் அவளுடைய வாயாடி அண்ணன், அவள் ரெட்டிசென்ட்' என்றால் அவள் அதிகம் பேசாதவள் என்பது 'அன்லைக்' என்ற ஒரு சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது. இணைப்புச் சொல் இல்லையென்றால் அடுத்த வாக்கியத்துக்குப் போகட்டும். விவசாயிகளின் கையிருப்பு 'மீகர்' ஆக இருந்தது, விதை வாங்கக்கூடப் போதவில்லை என்று வந்தால் விளக்கத்தை ஆசிரியரே கொடுத்துவிட்டார்.

இதன் பிறகுதான் முக்கியமான கட்டம். விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு, அந்த இடத்தில் தனக்குத் தோன்றும் தமிழ்ச் சொல்லைப் போட்டுப் பார்க்க வேண்டும். விடைகளை முதலில் பார்த்தால் ஐந்தும் சரிபோலத் தெரியும். கடைசியாக, தேர்ந்தெடுத்த விடையை வாக்கியத்தில் வைத்து ஒரு முறை முழுதாகப் படிக்க வேண்டும்.

சொல்லை உடைத்துப் பொருள் தேடும் பழக்கம் பாதி நேரம் உதவும், பாதி நேரம் காலை வாரும். 'எனர்வேட்' என்றதும் எனர்ஜி நினைவுக்கு வரும். பொருளோ சோர்வடையச் செய்வது. 'இன்வேல்யுபிள்' என்றால் மதிப்பற்றது அல்ல, விலைமதிப்பற்றது. உடைத்துப் பார்த்தது வாக்கியத்தோடு ஒத்துப்போனால் மட்டும் நம்பலாம்.

ஊகம் வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு. 100 சொல்லுக்கு 95-98 சொல்லாவது தெரிந்திருக்க வேண்டும். முதல் நாளே ஆங்கில நாளிதழ் தலையங்கத்தைக் கையில் கொடுப்பது நம் ஊர் வழக்கம். ஒரு பத்தியில் 12 சொல் புரியாதபோது எதை வைத்து எதை ஊகிப்பது? 100 சொல்லை எண்ணிக்கொண்டு, தெரியாதவற்றை அடிக்கோடிடச் சொல்லுங்கள். ஐந்துக்கு மேல் போனால் எளிய செய்திக்கு இறங்குங்கள், மாவட்டச் செய்தியானாலும் சரி. தினம் இரண்டு பத்தி போதும். ஊகித்த பொருளை ஓரத்தில் பென்சிலால் எழுதிவிட்டுப் பிறகு அகராதி பார்க்கட்டும். தவறினால் எந்தக் குறிப்பைக் கவனிக்காமல் விட்டோம் என்று பார்ப்பதுதான் பயிற்சி. நோட்டில் சொல்லை மட்டும் எழுதாமல் வாக்கியத்தோடு எழுத வேண்டும்.

தேர்வறையில் நேரம் குறைவு. வங்கி அதிகாரிப் பணிக்கான ஐ.பி.பி.எஸ். பி.ஓ. முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலம் 30 கேள்வி, 20 நிமிடம். பத்தி படிப்பதையும் சேர்த்துக் கேள்விக்கு 40 விநாடி. தவறான விடைக்கு கால் மதிப்பெண் போகும். ஐந்து விடைகளில் கண்ணை மூடிக் குறித்தால் சராசரியில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. இரண்டைக் கழித்துவிட்டுக் குறித்தால் ஆறு கேள்விக்கு ஒரு மதிப்பெண் என்ற கணக்கில் மிஞ்சும். ஆகவே இரண்டைக் கழிக்க முடிந்தால் குறிக்கட்டும். ஒன்றைக்கூடக் கழிக்க முடியாவிட்டால் யோசித்துக்கொண்டிராமல் அடுத்த கேள்விக்குப் போகட்டும்.