திரையில் −9, கட்டியின் நடுவில் தண்ணீர்
கருவி கேள்வி–பதில்

இந்த மாதம் வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. தூரத்தில் இருக்கும் சென்சரை போனிலும் கணினியிலும் பார்க்கலாமா, பார்ப்பதோடு நிற்காமல் அங்கிருந்தே மோட்டரை இயக்கலாமா என்று. சீனக்குடாவிலிருந்து நிலாவெளி வரை கருவி பூட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் என் அன்றாட வேலை. அதனால் முதல் கடிதத்துக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

எங்கள் ஐஸ் பக்டரியில் உப்புநீர்த் தொட்டியின் வெப்பநிலையை வெப் பக்கத்தில் பார்க்க வசதி செய்வித்தோம். போன மாதம் ஓர் இரவு முழுக்க −9 பாகை என்றே காட்டியது. விடியப்புறம் வள்ளக்காரர் வந்து கட்டியை எடுத்தால் நடுவில் உறையாமல் தண்ணீர். கம்ப்ரசர் இரவே நின்றுவிட்டது. சென்சர் பிழையா?
— ஒரு வாசகர், திருகோணமலை நகரம்

சென்சர் மேல் பழி போட வேண்டாம் ஐயா. நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய திரையின் படத்தைப் பார்த்தேன். இரவு 11 மணிக்குப் பிறகு கோடு அடிமட்டம் வைத்து இழுத்தது போல நேராகப் போகிறது. வேலை செய்யும் சென்சர் அப்படிக் காட்டவே காட்டாது. கம்ப்ரசர் ஓடும்போது −9.2, கொஞ்சம் ஓய்ந்தால் −8.7 என்று ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். இரவு முழுக்க ஒரு தசமம்கூட அசையவில்லை என்றால் புதிய அளவு எதுவும் வந்து சேரவில்லை என்று பொருள். நீங்கள் விடியும்வரை பார்த்தது 11 மணி வெப்பநிலை.

நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். கரண்ட் ஒருமுறை போய் வந்திருக்கிறது. கம்ப்ரசரை ஆள் போய்த்தான் திரும்ப ஓடவிட வேண்டும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ரவுட்டரும் அதே லைனில்தான் இருக்கிறது. அது திரும்பி எழும்பவில்லை. ஆக, கம்ப்ரசரை நிறுத்திய அதே காரணம் செய்தி அனுப்புகிற பெட்டியையும் நிறுத்திவிட்டது. இதைத் தடுக்க ரவுட்டருக்கும் சென்சர் பெட்டிக்கும் ஒரு சின்ன பற்றரி போதும். உங்களுக்கு இது செய்து தந்தவர்கள் முதல் நாளே அதை வைத்திருக்க வேண்டும்.

திரையின் மூலையில் மணிக்கூடு ஓடிக்கொண்டுதான் இருந்தது என்கிறீர்கள். அது உங்கள் போனின் சொந்த மணிக்கூடு. பக்டரிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஒவ்வோர் எண்ணுக்குப் பக்கத்திலும் அது அளக்கப்பட்ட நேரம் இருக்க வேண்டும். அந்த நேரத்தைச் சென்சர் பக்கத்துப் பெட்டியே குறித்து அனுப்ப வேண்டும். இரண்டு நிமிடம் புதிதாக எதுவும் வரவில்லையென்றால் எண் சாம்பல் நிறமாகி, 'தொடர்பு இல்லை' என்று பெரிதாக விழ வேண்டும். இதைச் செய்யாத திரைக்கு நான் காசு கொடுக்க மாட்டேன்.

செய்து தந்தவர்களிடம் இன்னும் ஒன்று கேளுங்கள். உங்கள் அமைப்பு எம்.கியூ.டி.டி. முறையில் தகவல் அனுப்புகிறது. பாலைவனத்து எண்ணெய்க் குழாய்களைச் செய்மதி வழியாகக் கண்காணிக்க 1999-இல் உருவான முறை அது. விட்டுவிட்டு வரும் தொடர்புக்கென்றே செய்தது. கடைசி அளவைச் சர்வரில் பிடித்துவைத்து, புதிதாகப் பக்கத்தைத் திறப்பவருக்கு உடனே கொடுக்கும் வசதி அதில் உண்டு. வசதிதான், ஆனால் பெட்டி செத்த பிறகும் அந்தப் பழைய எண் வந்துகொண்டே இருக்கும். இதற்கு மருந்தும் அதிலேயே இருக்கிறது. பெட்டி இணையும்போதே 'என் தொடர்பு அறுந்தால் இந்தச் செய்தியை எல்லாருக்கும் சொல்' என்று சர்வரிடம் ஒரு கடைசிச் செய்தியை ஒப்படைத்துவிடலாம். 60 விநாடிக்கு ஒருமுறை தலைகாட்டுவதாகச் சொன்ன பெட்டி 90 விநாடியாகியும் வராவிட்டால் சர்வர் அதை வெளியிடும். உங்களுடையதில் இந்த வசதி போடப்படவே இல்லை என்று நினைக்கிறேன்.

அப்புறம், வயர். உங்கள் வெப்பமானி −20 முதல் +20 பாகை வரையான அளவை 4 முதல் 20 மில்லியம்பியர் மின்னோட்டமாக அனுப்புகிறது. −9 என்றால் வயரில் 8.4 மில்லியம்பியர் ஓடும். கீழ் எல்லையைப் பூச்சியத்தில் வைக்காமல் 4-இல் வைத்ததற்கு ஒரு முக்கியக் காரணம், வயர் அறுந்து மின்னோட்டம் பூச்சியமானால் அதைக் கண்டுபிடிப்பது. ஆனால் கணக்கை மட்டும் போட்டுவிட்டு இந்தச் சோதனையை விட்டுவிட்டால், அறுந்த வயர் திரையில் −30 என்று காட்டும். பார்க்கிறவர் நல்ல குளிர் என்று நினைத்துத் தூங்கிவிடுவார். 3.6-க்குக் கீழே போனால் எண்ணையே காட்டாமல் 'வயர் பழுது' என்று போடச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் நீங்களே சென்சர் வயரைக் கழற்றுங்கள், ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்குங்கள், திரை என்ன சொல்கிறது என்று பாருங்கள். அதைப் பார்த்த பிறகு மிச்சக் காசைக் கொடுக்கலாம்.

ஐஸ் பக்டரிகளில் குளிரூட்டப் பயன்படும் அமோனியாவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நான் சொல்லியாக வேண்டும். காற்றில் பத்து இலட்சத்தில் 300 பங்கு அமோனியா இருந்தாலே உயிருக்கு உடனடி ஆபத்து என்று கணக்கிடுகிறார்கள். அதற்கான சைரனும் காற்றை வெளியேற்றும் விசிறியும் சென்சரிலிருந்து நேரே வயர் இழுத்து அங்கேயே இயங்க வேண்டும். போனுக்குச் செய்தி வருவது அதற்கு மேலதிகமாக இருக்கட்டும். இன்டர்நெட் இல்லாவிட்டாலும் சைரன் கத்த வேண்டும்.

நான் தோஹாவில் வேலை செய்கிறேன். குச்சவெளியில் வெங்காயத் தோட்டம், விவசாயக் கிணறு. அம்மாவும் அப்பாவும் மட்டும்தான் அங்கே. இங்கிருந்து போனில் பம்பை ஓடவிடவும் நிறுத்தவும் முடியுமா?
— ஒரு வாசகர், கத்தார்

முடியும் தம்பி. செலவும் பெரிதல்ல. ஆனால் ஒரு காட்சியை மனதில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்: பம்ப் இழுக்கவில்லை என்று அப்பா குனிந்து பெல்ட்டில் கை வைத்திருக்கிறார், நீங்கள் தோஹாவில் பட்டனைத் தட்டுகிறீர்கள்.

அதனால் முதலில் பம்ப் பெட்டியில் ஒரு திருகு சுவிட்ச் பூட்டுங்கள். 'கையால்', 'நிறுத்தம்', 'தூரத்திலிருந்து' என்று மூன்று நிலை, தமிழில் எழுதி ஒட்டியதாக. அப்பா அதை 'நிறுத்தம்' என்று திருப்பினால் மோட்டருக்குப் போகும் வயரே துண்டிக்கப்பட வேண்டும். மென்பொருள் அவர் திருப்பியதை வாசித்து உங்கள் பட்டனை மறுப்பது போதாது. பெல்ட்டில் கை வைப்பதற்கு முன் மெயின் சுவிட்சையும் இறக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது, பிந்தி வரும் கட்டளை. காலையில் பட்டனைத் தட்டுகிறீர்கள், அங்கே சிக்னல் இல்லை, நீங்களும் மறந்துவிடுகிறீர்கள். பின்னேரம் சிக்னல் திரும்பியதும் காத்திருந்த கட்டளை போய்ச் சேர்ந்து மோட்டர் ஓடும். எஸ்.எம்.எஸ். மூலம் இயங்கும் பெட்டிகளிலும் இது நடக்கக்கூடியதே. ஒவ்வொரு கட்டளைக்கும் காலாவதி நேரம் வேண்டும். 30 விநாடிக்கு மேல் பழையதென்றால் பெட்டி அதை வீசிவிட வேண்டும்.

பட்டன் பச்சையானால் பம்ப் ஓடுகிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பல பக்கங்களில் தட்டியவுடனேயே பச்சையாகிவிடும். அது நீங்கள் தட்டினீர்கள் என்பதற்கு மட்டும்தான் சாட்சி. மோட்டர் வயரில் கரண்ட் அளக்கும் வளையம் ஒன்றைப் போட்டு, அம்பியரைத் திரையில் காட்டுங்கள். வழக்கமாக 6 அம்பியர் இழுக்கும் பம்ப் 3-தான் இழுக்கிறதென்றால் பெரும்பாலும் கிணற்றில் தண்ணீர் இறங்கி வெறுமனே சுழல்கிறது. அப்போது நிறுத்துவதும் அங்குள்ள பெட்டியின் வேலையாகவே இருக்கட்டும். நீங்கள் வேலைத்தளத்தில் போனை எடுத்துப் பார்ப்பதற்குள் சீல் எரிந்துவிடும்.

திரையில் இலங்கை நேரத்தையே போடுங்கள். தோஹா இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அம்மாவும் நீங்களும் வேறு வேறு நேரம் பேசிக் குழம்ப வேண்டாம்.

எங்கள் அரிசி ஆலைக்கு மீட்டர் பூட்ட வந்தவர், வெளியிலிருந்து பார்க்க ரவுட்டரில் 502-ஆம் போர்ட்டைத் திறந்துவிட்டால் போதும் என்கிறார். செய்யலாமா?
— ஒரு வாசகி, தம்பலகாமம்

செய்யவே வேண்டாம் அக்கா. 502 என்பது மொட்பஸ் பேசும் வாசல். மொட்பஸ் 1979-இல் வந்தது. ஒரு பக்டரிக்குள்ளே, ஒரே வயரில் இருக்கும் கருவிகள் பேசிக்கொள்வதற்காகச் செய்தது. யார் கேட்கிறார்கள் என்று அது விசாரிக்காது, பாஸ்வேர்டும் கிடையாது. எண்ணை வாசிக்கத் தெரிந்தவருக்கு எழுதவும், அதாவது கருவியை மாற்றி இயக்கவும் முடியும். அந்த வாசலை உலகத்துக்குத் திறந்துவிட்டால், இன்டர்நெட் முழுக்கத் திறந்த போர்ட் தேடிக்கொண்டே இருக்கும் இயந்திரங்கள் உங்கள் ஆலையை வெகு சீக்கிரம் கண்டுபிடிக்கும்.

ஆலையிலிருக்கும் பெட்டி வெளியே போய்ச் சர்வரோடு இணையட்டும். வெளியிலிருந்து எவரும் உள்ளே வர வழி வேண்டாம். அல்லது வி.பி.என். போடுங்கள், அதாவது அனுமதி உள்ளவருக்கு மட்டும் திறக்கும் தனிப் பாதை. பார்ப்பதற்கு ஒரு கணக்கு, இயக்குவதற்கு வேறொரு கணக்கு. கணக்குப்பிள்ளைக்கும் மகனுக்கும் முதலாவது போதும்.

இப்படியெல்லாம் நடக்காது என்று யாராவது சொன்னால் உக்ரைனைச் சொல்லுங்கள். 2015 டிசம்பர் 23-ஆம் திகதி அங்கே மின் விநியோகக் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களின் கண் முன்னாலேயே, வெளியிலிருந்து ஊடுருவியவர்கள் இயக்க, திரையில் மவுஸ் அம்பு தானாக நகர்ந்து சுவிட்சுகளைத் திறந்தது. சுமார் 2,25,000 இணைப்புகளுக்குக் கரண்ட் போனது. சில மணி நேரத்தில் திரும்பி வந்ததென்றால், ஊழியர்கள் வாகனத்தில் உபமின்நிலையங்களுக்குப் போய்க் கையால் போட்டதால்தான். கையால் போடும் வழியை அவர்கள் எடுத்துவிடவில்லை. உங்கள் ஆலையிலும் பழைய கை சுவிட்சைக் கழற்ற விடாதீர்கள்.

1986-இல் கந்தளாய்க் குளம் உடைந்தபோது இப்படி சென்சர் இருந்திருந்தால் முன்பே தெரிந்திருக்குமா?
— ஒரு வாசகர், கந்தளாய்

அந்த ஏப்ரல் 20-ஐ உங்கள் ஊரில் யாரும் மறக்க மாட்டார்கள். அன்று என்ன நடந்திருக்கும் என்று நான் ஊகிக்க விரும்பவில்லை. பொதுவாகச் சொன்னால், நீர்மட்டத்தை அளக்கும் சென்சர் மட்டும் இதற்குப் போதாது. குளம் நிரம்பி வழியாமலும் கட்டு உள்ளிருந்து அரிக்கப்படலாம். மண் கட்டுக்குள் நீரழுத்தத்தை அளக்கும் குழாய்கள் வேண்டும். கட்டின் அடியில் கசியும் நீரை V வடிவ வெட்டு வழியாக விட்டு அளக்க வேண்டும். இந்த இரண்டையும் இன்று வெப் திரைக்குக் கொண்டுவருவது கஷ்டமான வேலை அல்ல. ஆனால் கசிவு தெளிவாக வருகிறதா, மண் கலந்து கலங்கலாக வருகிறதா என்று ஒருவர் நடந்துபோய்ப் பார்ப்பதை எந்தத் திரைக்காகவும் கைவிடக் கூடாது. கலங்கல் என்றால் கட்டின் மண் வெளியேறுகிறது.

கணினி படிக்கிறேன். இந்தத் துறைக்கு எதிலிருந்து தொடங்கலாம்?
— ஒரு மாணவி, நிலாவெளி

ஈ.எஸ்.பி.32 என்ற வைஃபை உள்ள சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை ஒன்று, ஒரு வெப்பநிலை சென்சர், வீட்டில் கிடக்கும் பழைய கணினியில் நோட்-ரெட் என்ற, கருவிகளை இணைத்துத் திரை அமைக்கும் இலவச மென்பொருள். இவ்வளவு போதும் தங்கச்சி. திரையை அழகாக்குவதற்கு முன் வயரைப் பிடுங்கினால் என்ன காட்ட வேண்டும் என்பதை எழுதிவிடுங்கள். பிறகு அதைக் கடற்கரைப் பக்கம் வெளியில் பூட்டிப் பாருங்கள். வயர் நுழையும் துளை பெட்டியின் அடிப்பக்கம் இருக்கட்டும், வயர் ஒரு வளைவு இறங்கிவிட்டு மேலே ஏறட்டும். மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். உப்புக்காற்றில் ஒரு மாரி தாண்டிய பிறகு பெட்டியைத் திறந்து, திருகாணிகளில் பச்சை பிடித்திருக்கிறதா என்று படம் எடுத்து அனுப்புங்கள்.