சாமிக்கு யார் சமைப்பது?

அன்புள்ள அம்மா,

கார்த்திகை ஒன்றாம் தேதி சபரிமலைக்கு மாலை போட்டேன். இது மூன்றாவது வருடம். கோவையில் ஒரு லேத் பட்டறையில் சூப்பர்வைசர் வேலை. தினம் ஒரு பாக்கெட் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தவன், மாலை போட்டதும் அடியோடு நிறுத்திவிட்டேன். ஆனால் வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. முறுக்கு, மிக்சர், கடலை மிட்டாய் என்று எதையாவது மென்றுகொண்டே இருக்கிறேன். அதைவிட மோசம் கோபம். தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிறேன். ஒன்பதாம் நாள், சாம்பாரில் சின்ன வெங்காயம் கிடந்தது என்று தட்டைத் தள்ளிவிட்டேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. என் ஐந்து வயது மகள் பாட்டியிடம் போய், "சாமி கோவமா இருக்கு, கிட்டப் போகாத" என்று சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து மனசு சரியில்லை.

சபலத்தையும் கோபத்தையும் அடக்க எந்த சுலோகம் சொல்லலாம்? 108 முறையா, 1008 முறையா? வெங்காயம் பூண்டு சாப்பிட்டால் கோபம் வரும் என்கிறார்களே, உண்மையா? போன இரண்டு வருடமும் மாலை கழற்றிய அன்று சாயங்காலமே சிகரெட்டைத் தொட்டுவிட்டேன். இந்த வருடமாவது நிற்குமா?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

விரத சந்தேகங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. அதற்கு ஊருக்கு ஊர் குருசாமிகள் இருக்கிறார்கள். உங்கள் மகள் பாட்டியிடம் சொன்ன வார்த்தைதான் என்னை எழுத வைத்தது. தெருவில் கறுப்பு வேட்டிகள் தென்பட ஆரம்பித்ததிலிருந்தே எனக்கு என் அம்மாவின் நினைப்பாக இருக்கிறது.

சில்லறைக் கேள்விகளை முதலில் முடித்துவிடுவோம். வெங்காயத்தைப் பாவம், விட்டுவிடுங்கள். அதைத் தின்றதால் உங்களுக்குக் கோபம் வரவில்லை. தின்னாமலேதானே தட்டைத் தள்ளினீர்கள்? சுலோகம் எதுவும் புதிதாகத் தேட வேண்டாம். வாயில் ஏற்கெனவே இருக்கிற "சாமியே சரணம் ஐயப்பா" போதும். எண்ணிக்கை மட்டும் கொஞ்சம் முக்கியம், அதுவும் நீங்கள் நினைக்கிற காரணத்துக்காக அல்ல. சிகரெட் வேண்டும் என்கிற அந்தத் தவிப்பு நாள் முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. எழும்பும், உச்சிக்குப் போகும், சில நிமிடத்தில் தானாக இறங்கிவிடும். கழுத்தில் கிடக்கிற துளசி மணியைப் பிடித்துக்கொண்டு சரணத்தை 108 தடவை நிதானமாகச் சொல்லி முடிப்பதற்குள் பெரும்பாலும் அது இறங்கியிருக்கும். மறுபடி எழும்பினால் மறுபடி சொல்லுங்கள். காலையிலேயே 1008 சொல்லிக் கணக்கை முடித்துவிட்டு, பதினொரு மணி டீக்கடையில் நிராயுதபாணியாக நிற்பதில் என்ன பிரயோசனம்?

எரிச்சலுக்கும் ஒரு பகுதி காரணம் உடம்புதான். நிக்கோட்டின் நின்ற முதல் வாரம் எரிச்சல் உச்சத்தில் இருக்கும், மூன்று நான்கு வாரத்தில் தணியும். பசியும் கூடும், அது இன்னும் கொஞ்ச நாள் நீடிக்கும். டாக்டரிடம் கேட்டாலும் இதையே சொல்வார். அந்தக் கணக்கில் 41 நாள் என்று வைத்தவர்கள் விவரமானவர்கள். கஷ்டமான நாட்களைத் தாண்டி அப்பாலும் கொஞ்ச தூரம் கூட்டிக்கொண்டு போகிற விரதம் இது. மிக்சருக்குப் பதில் வெள்ளரிக்காய் கடியுங்கள், போதும். (இதைப் படிக்கிற மற்ற சாமிகளுக்கு ஒரு வார்த்தை: தினமும் குடிக்கிற பழக்கம் உள்ளவர்கள் மாலை போட்ட அன்றே சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் கைநடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரை போகலாம். உயிருக்கே ஆபத்து. டாக்டரைப் பார்த்து, மருந்தோடு நிறுத்திவிட்டு மாலை போடுங்கள். ஐயப்பன் கோபித்துக்கொள்ள மாட்டார்.)

ஆனால் தம்பி, எல்லாப் பழியையும் நிக்கோட்டின் மேல் போட்டுத் தப்பிக்க விட மாட்டேன். அந்த ஒன்பதாம் நாள் பட்டறையில் முதலாளி மேல் எரிந்து விழுந்தீர்களா? பெரிய ஆர்டர் கொடுக்கிற பார்ட்டி மேல்? அங்கேயெல்லாம் வாயைக் கட்டத் தெரிந்த கோபத்துக்கு வீட்டு வாசல் வந்ததும் மட்டும் கண் தெரியாமல் போய்விட்டதா? சாம்பாரில் கிடந்த வெங்காயத்தைப் பற்றி எழுதுகிறீர்கள். அந்த சாம்பாரை வைக்க உங்கள் மனைவி எத்தனை மணிக்கு எழுந்தாள், உங்களுக்குத் தனி, குழந்தைக்கும் அம்மாவுக்கும் தனி என்று இரண்டு சமையல் நடக்கிறதா என்று ஒரு வரி இல்லை.

என் அப்பா பதினெட்டாவது தடவை சபரிமலை போகும்போது தென்னங்கன்று சுமந்து போனவர். ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் அவருக்குப் பெரிய மரியாதை. அவர் ஐந்து மணிக்குப் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு வரும்போது விளக்கு துலக்கி, எண்ணெய் விட்டு, திரி போட்டு, பூ கட்டி, பொங்கலும் தயாராக இருக்க வேண்டும். அப்படியானால் அம்மா எப்போது எழுந்தாள்? கார்த்திகை அடைமழையில் கொல்லைக் கிணற்றடியில் அவளும் தலைக்குக் குளித்தாக வேண்டும், ஈரத் தலையோடு விறகடுப்பை ஊத வேண்டும். விறகும் நனைந்திருக்கும். ஊதி ஊதிக் கண் சிவந்து, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே கல் சட்டியைத் துலக்குவாள். பொங்கல் கொஞ்சம் குழைந்தால் அப்பா பேச மாட்டார். தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்துவிடுவார். அவ்வளவுதான். மாதத்தில் மூன்று நாள் அம்மாவை அடுத்த தெரு அத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த மூன்று நாளும் அடுப்படி பத்து வயதுப் பெண்ணான என் பொறுப்பு. விரதம் இருந்தது யார் என்று சொல்லுங்கள். அப்பா மாலை போட்டிருந்தார், சரி. குளிரில் குளித்தது, தூக்கம் கெட்டது, பிறர் முகம் பார்த்துப் பயந்து சாப்பிட்டது எல்லாம் அம்மா. 2018-இல் உச்ச நீதிமன்றம் எல்லா வயதுப் பெண்களும் போகலாம் என்று தீர்ப்பு சொன்ன பிறகு, பெண்கள் சபரிமலைக்குப் போகலாமா என்று என்னைக் கேட்காதவர்கள் இல்லை. மலை இருக்கட்டும், அடுப்படியில் 41 நாள் நிற்கிறவளைப் பற்றிப் பேசலாமா என்பேன். பேச்சை மாற்றிவிடுவார்கள்.

மாலை போட்டதும் ஊரே சாமி என்கிறது. உங்களைவிடப் பெரியவர்கள் காலில் விழுகிறார்கள். வீட்டில் உங்கள் பாயை யாரும் மிதிப்பதில்லை, உங்கள் டம்ளரை யாரும் தொடுவதில்லை. சிகரெட்டை விட்ட இடத்தில் இது வந்து உட்கார்ந்துகொள்கிறது. இதுவும் ஒரு ருசிதான், அதைவிடப் போதையான ருசி. கீதையில் இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு சுலோகம் உண்டு: உண்ணாமல் இருப்பவனை விட்டு விஷயங்கள் விலகிப் போகும், ருசி மட்டும் போகாது, மேலானதைக் கண்ட பிறகுதான் அதுவும் போகும் என்று. நாம் முதல் பாதியை விரதம் என்று எடுத்துக்கொண்டு மீதியைக் கண்டுகொள்வதில்லை.

இதைப் புரிந்துவைத்திருந்த ஒருவர் எங்கள் ஊரில் இருந்தார். ஸ்பின்னிங் மில் மேஸ்திரி, அப்பா கோஷ்டிக்கு எதிர்க் கோஷ்டியின் குருசாமி. அவர் கையால் மாலை போட்டுக்கொண்டால் ஒரு நிபந்தனை: ராத்திரிச் சாப்பாட்டைப் பிள்ளையார் கோவில் பின்னால் இருந்த கொட்டகையில் சாமிகளே சமைக்க வேண்டும், சாமிகளே பாத்திரம் கழுவ வேண்டும். வீட்டுப் பெண்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. பால் கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில் நான் எட்டிப் பார்ப்பேன். மில்லில் ஒரு ஃபிட்டர், கோபத்துக்குப் பேர்போனவர், அந்த வருடம்தான் முதல் தடவை மாலை போட்ட கன்னிசாமி. பீடியை விட்டு நாலைந்து நாள் ஆகியிருந்தது. அவருக்கு வேலை, அரிசியில் கல் பொறுக்குவது. அரிக்கேன் விளக்கடியில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஸ்பானர் பிடித்துக் காய்ந்த விரலால் ஒவ்வொரு கல்லாகத் தள்ளுவார். விரல் நடுங்கும். முடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் குருசாமி ஒரு கைப்பிடி அள்ளி, விளக்கில் காட்டிவிட்டு, "இன்னும் ரெண்டு கிடக்கு சாமி" என்று முறத்தைத் திருப்பிக் கொடுப்பார். ஃபிட்டருக்கு மூக்கு விடைக்கும். "சாமி சரணம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி உட்காருவார். அந்த சரணம்தான் சரணம். பூஜை அறையில் ஊதுபத்திப் புகையில் சொல்வது சுலபம்.

உங்களுக்கும் இதுதான் என் பதில். இன்று ராத்திரியிலிருந்து உங்கள் சாப்பாட்டை நீங்களே செய்யுங்கள். பெரிய வித்தை இல்லை. ஒரு டம்ளர் பச்சரிசி, அதில் பாதி பாசிப்பருப்பு, மிளகு, சீரகம், உப்பு, குக்கரில் நாலு விசில். குழைந்தால் தின்னுங்கள், அடிப்பிடித்தால் சுரண்டிவிட்டுத் தின்னுங்கள், தள்ளிவிட அங்கே வேறு யார் தட்டும் இல்லை. குக்கரை நீங்களே தேயுங்கள். விடிகாலை விளக்கையும் நீங்களே துலக்குங்கள், வீட்டுக்காரி இன்னும் ஒரு மணி நேரம் தூங்கட்டும். காய் நறுக்க மகளை வேண்டுமானால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் கிட்ட வந்தால்தான்.

கடைசிக் கேள்வி, இந்த வருடமாவது நிற்குமா என்பது. ஜனவரியில் மாலை கழற்றியதும் என்ன செய்யப்போகிறீர்கள் என்று முடிவு பண்ணாமல் 41 நாளை விரலில் எண்ணிக்கொண்டிருந்தால் நிற்காது. ஜெயில் கைதிகள்தான் நாள் எண்ணுவார்கள். கழற்றிய பிறகும் பதினொரு மணிக்கு டீக்கடை இருக்கும், பக்கத்தில் நெருப்பு நீட்ட ஆள் இருக்கும். மணி கழுத்தில் இல்லாவிட்டால் விரல் இருக்கிறது, சரணம் சொல்ல யாரும் தடை போடவில்லை. குக்கரும் வீட்டிலேயேதான் இருக்கும்.

இந்தக் கடிதத்தை அனுப்பும் முன் மனைவியிடம் காட்டினீர்களா? காட்டியிருக்க மாட்டீர்கள். பதிலோடு சேர்த்துக் கொடுங்கள். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அவர் சொல்லாததை எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அதையும் வெளியிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா