17 இருக்கு, 47 எங்க?

கேள்வி: பினாங்கு இந்து அறப்பணி வாரியப் பண விஷயத்துல முன்னாள் துணை முதல்வர் ராமசாமி மேல 17 குற்றச்சாட்டு. துணைப்பிரதமர் ஸாஹிட் மேல இருந்த 47 குற்றச்சாட்டு காத்தோட போச்சு. எதிர்த்துப் பேசுனா கேஸ், கூட உக்காந்தா விடுதலை, இதானே நம்ம நாட்டு சட்டம்? போன மாசம் கேட்டதுக்கு 'கோர்ட் பாத்துக்கும்'னு ஒரே வரில நழுவிட்டீங்க. ஆசிரியருக்கும் பயமா?
(வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: பயமெல்லாம் இல்லீங்க, போன மாசம் பக்கத்துல இடம் இல்ல, அவ்ளோதான். இந்த வாட்டி நீளமாவே சொல்றேன், கடைசி வரைக்கும் படிங்க, நடுவுல உங்களுக்கும் ஒரு குட்டு இருக்கு.

ராமசாமி கேஸ்ல 2025 ஜனவரில பட்டர்வொர்த் செஷன்ஸ் கோர்ட்ல நம்பிக்கை மோசடின்னு 17 குற்றச்சாட்டு வாசிச்சாங்க, எல்லாத்தயும் மறுத்து விசாரணை கேட்டார். ஆளுங்கூட்டணியில இருந்த டிஏபி கட்சிய விட்டு வெளிய வந்து உரிமை கட்சி ஆரம்பிச்சு அரசாங்கத்த வறுத்தெடுத்ததாலதான் கேஸ் போட்டாங்களா? இருக்கலாம், எனக்கும் அந்த சந்தேகம் வராம இல்ல. ஆனா வாரியப் பணம் ஒழுங்கா செலவாச்சா இல்லையாங்கறத வவுச்சரும் சாட்சியும்தான் சொல்லணும். கேஸ் போட்டவன் மனசுல என்ன இருந்துச்சுங்கறது ஒண்ணு, குத்தம் நடந்துச்சாங்கறது வேற ஒண்ணு, நீங்க ரெண்டயும் ஒரே மூட்டையில கட்டி அனுப்பிட்டீங்க.

முன்னாள் பிரதமர் நஜிப்ப பாருங்க. 2018ல ஆட்சி மாறுனதும் கேஸ் வந்துச்சு, அன்னையில இருந்து அவரும் அவரு ஆளுங்களும் பழிவாங்கல் பழிவாங்கல்னு சொல்லிட்டே இருந்தாங்க. சரி, அப்ப பிரதமரா வந்த மகாதீருக்கு அவர் மேல கோவமே இல்லன்னு நான் சொன்னா நீங்க சிரிப்பீங்க. ஆனா எஸ்ஆர்சிங்கற அரசாங்கக் கம்பெனியோட பணம் 4 கோடியே 20 லட்சம் வெள்ளி அவரோட அக்கவுன்ட்டுக்கு வந்தத மகாதீரோட கோவம் கொண்டுவந்து போடலியே. 2020 ஜூலை 28ல உயர்நீதிமன்றம் 12 வருஷம் ஜெயில்னு சொன்னப்போ மகாதீர் போயாச்சு, பிரதமர் முஹிடின், அவரு அமைச்சரவையில நஜிப்போட அம்னோ கட்சிக்காரங்க வரிசையா உக்காந்திருந்தாங்க. 2022 ஆகஸ்ட் 23ல கூட்டரசு நீதிமன்றம் அப்பீல தள்ளி காஜாங் ஜெயிலுக்கு அனுப்புனப்போ பிரதமர் இஸ்மாயில் சப்ரி, அவரும் அம்னோ. சொந்தக் கட்சிக்காரர் பிரதமரா இருக்கறப்போ உள்ள போன மனுஷன எந்தக் கட்சி பழிவாங்குச்சுன்னு எனக்கு யாராவது சொன்னா நல்லாருக்கும்.

இதுக்கு நேர் எதிரா அன்வாரோட பழைய ஓரினப்புணர்ச்சி கேஸ் இருக்கு. பங்சார்ல டிவோலி வில்லான்னு ஒரு அடுக்குமாடி, அங்கதான் சம்பவம் நடந்துச்சுன்னு சொன்னாங்க, 1994 மேன்னு மொதல்ல தேதி போட்டாங்க, அப்பறம் 1992 மேன்னு மாத்துனாங்க, அப்ப அந்தக் கட்டடமே கட்டி முடியலன்னு தெரிஞ்சதும் 1993 ஜனவரில இருந்து மார்ச்சுக்குள்ளன்னு இன்னொரு தடவ மாத்துனாங்க. அதுக்கும் 2000ல 9 வருஷம் தண்டனை கொடுத்தாங்க, 2004 செப்டம்பர் 2லதான் கூட்டரசு நீதிமன்றம் அத ரத்து பண்ணுச்சு. அரசியல் கேஸ்னா எப்படி இருக்கும்னு கேக்கறவங்களுக்கு நான் இதத்தான் காட்டுவேன், கட்சி பேரப் பாக்கவே வேணாம், குற்றப்பத்திரிகையே காட்டிக்கொடுத்துடும்.

இப்ப உங்க 47க்கு வரேன், நீங்க கேட்டதுல உருப்படியான விஷயம் இதுதான். கேஸ் போட்டா அத ஒரு ஜட்ஜ் பாப்பார், எதிர்த்தரப்பு வக்கீல் கிழிப்பார், பேப்பர்ல வரும். கேஸ வாபஸ் வாங்குனா யாரு பாக்கறது? அரசியலமைப்புச் சட்டம் 145(3) படி கேஸ் போடறதும் நிறுத்தறதும் சட்டத்துறைத் தலைவரோட விருப்பம், அவரையோ பிரதமர் ஆலோசனைப்படிதான் பேரரசர் நியமிக்கறார், அவரேதான் அரசாங்கத்துக்கும் வக்கீல். 2015 ஜூலை 27ல, நஜிப் ஆட்சில 1எம்டிபிங்கற அரசாங்க முதலீட்டு நிதிப் பண விசாரணை சூடா ஓடிட்டு இருந்தப்போ, கனி பட்டாயில் அந்தப் பதவில இருந்து போனார், மறுநாளே துணைப்பிரதமர் முஹிடினயும் தூக்குனாங்க, புதுசா வந்த அபாண்டி அலி அடுத்த ஜனவரில நஜிப் மேல குத்தம் எதுவும் இல்லன்னு ஃபைல மூடிட்டார். அங்க யார் மேலயும் கேஸ் போடல பாருங்க. அதனால யாரும் 'பழிவாங்கல்'னு கத்தவும் இல்ல. எனக்கு அதவிட பெரிய அரசியல் கேஸ் எதுவும் ஞாபகத்துக்கு வரல.

ஸாஹிட் கேஸ்ல 2022 ஜனவரிலயே உயர்நீதிமன்றம் 47க்கும் எதிர்வாதம் செய்யச் சொல்லி உத்தரவு போட்டாச்சு, அதாவது அரசுத் தரப்பு சாட்சியெல்லாம் கேட்டு, பதில் சொல்ல வேண்டிய விஷயம் இருக்குன்னு ஜட்ஜே முடிவு பண்ணியாச்சு. அதுக்கப்பறம் 2023 செப்டம்பர் 4ல அரசுத் தரப்பே எழுந்து 11 காரணம் சொல்லி நிறுத்திக்கறோம்னுச்சு, டிஎன்ஏஏ கெடச்சுது. டிஎன்ஏஏன்னா முழு விடுதலை கெடையாது, அரசாங்கம் நெனச்சா திரும்பவும் கேஸ் போடலாம். அந்த நெலமையில ஒரு அரசியல்வாதிய நிறுத்தி வைக்கறது மாட்ட அவுத்து விட்ட மாதிரி தெரியும், ஆனா கயிறு நீளமா விட்டிருக்கும், நுனி யாரு கையில இருக்குன்னு மாட்டுக்கு நல்லாத் தெரியும். காரணம் 11ம் சரியாவே இருக்கலாம். அத சரிபாக்க வெளியாளு ஒருத்தர் இல்லாததுதான் பிரச்சன.

இப்ப குட்டு. 2018 செப்டம்பர் 3, உங்க பினாங்குலயே, முன்னாள் முதல்வர் லிம் குவான் எங் மேல, சந்தை விலைக்குக் கம்மியா வாங்குனாருன்னு இருந்த பங்களா கேஸ அரசுத் தரப்பு வாபஸ் வாங்கி அவர் முழுசா விடுதலை ஆனார், அப்ப அவரு நிதியமைச்சர். ஊழல் தடுப்பு ஆணையமே அதிர்ச்சியா இருக்குன்னு அறிக்கை விட்டுச்சு. அன்னைக்கு பினாங்குல இருந்து இந்தப் பக்கத்துக்கு வந்த கடுதாசியெல்லாம் வாழ்த்துதான், 'இதானே நம்ம நாட்டு சட்டம்'னு ஒருத்தர்கூட கேக்கல. 2020 ஜூன்ல, ஆட்சி மறுபடி மாறுன கொஞ்ச நாள்ல, சபா முன்னாள் முதல்வர் மூசா அமான் மேல இருந்த 46 குற்றச்சாட்டும் அதே மாதிரி போச்சு, அப்ப மட்டும் எல்லாரும் குதிச்சோம்.

வாபஸ் வாங்கறது எல்லாமே தப்புன்னும் சொல்லிட முடியாது. விடுதலைப் புலிகளுக்கு ஆதரவுன்னு 2019 அக்டோபர்ல சொஸ்மாங்கற பாதுகாப்புச் சட்டத்துல 12 பேர புடிச்சாங்களே, அதுல ரெண்டு பேரு டிஏபி சட்டமன்ற உறுப்பினருங்க, அவங்க கட்சியே ஆட்சில இருந்தப்போ, ஜாமீன் இல்லாம மாசக்கணக்கா உள்ள கெடந்தாங்க. 2020 பிப்ரவரி 21ல அப்ப சட்டத்துறைத் தலைவரா இருந்த டாமி தாமஸ் கேஸ நிறுத்துனப்போ தண்டனை வாங்கித் தர அளவுக்கு ஆதாரம் இல்லன்னு பக்கம் பக்கமா எழுதிக் கொடுத்தார், யாரு வேணும்னாலும் படிச்சு சண்டை போடலாம். நல்ல வேளை, ரெண்டு மூணு நாள்ல அந்த அரசாங்கமே கவுந்துச்சு, கையெழுத்து ஒரு வாரம் தள்ளிப் போயிருந்தா என்ன ஆயிருக்குமோ.

ஆக ராமசாமிக்காக கேக்கறதா இருந்தா 'எதுக்கு 17'னு கேக்காதீங்க, அத அவரு வக்கீல் கோர்ட்லயே கேப்பாரு. '47 எப்படி போச்சு, 46 எப்படி போச்சு, பங்களா எப்படி போச்சு, எழுத்துல காட்டு'ன்னு கேளுங்க. சட்டத்துறைத் தலைவர் வேற, கேஸ் நடத்தற அரசு வழக்கறிஞர் வேறன்னு பிரிக்கறதுக்கு நாடாளுமன்றத்துல 222ல 148 ஓட்டு வேணும், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ரெண்டு பக்கமும் கை தூக்குனாதான் ஆகும். பிரிச்சாலும் அந்த அரசு வழக்கறிஞர யாரு நியமிக்கறதுன்னு ஒரு வரி இருக்கும், மறுபடி பிரதமர் கைதான்னா பிரிச்சும் புண்ணியம் இல்ல. உங்க எம்பி தீபாவளி திறந்த இல்லத்துக்கு வருவாருல்ல, முறுக்கு தட்ட நீட்டறப்போ அந்த வரி எப்படி இருக்கணும்னு கேட்டுப் பாருங்க, என்ன பதில் சொன்னாருன்னு எழுதுங்க, பேரோட போடறேன்.