விக்கியில் சேர்த்து வைத்த பட்டியல் யார் கண்ணில் படும்?

விக்கித் தளங்களில் கட்டுரைகளைச் சேர்த்து வைப்பது பற்றி இந்த முறை நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். முக்கியமானதிலிருந்தே தொடங்குகிறேன்.

உயர்தர வரலாற்று மாணவர்களுக்காக விக்கிப்பீடியாவில் என் பயனர் பக்கத்துக்குக் கீழே ஒரு துணைப்பக்கம் திறந்து, யாருக்கு எந்தக் கட்டுரை என்று பிள்ளைகளின் பெயரோடு எழுதி வைத்திருக்கிறேன். என் கணக்குத்தானே, வெளியே தெரியாதுதானே? (ஆசிரியை, வெள்ளவத்தை)

தெரியும் டீச்சர். பயனர் பக்கம், அதன் துணைப்பக்கம், எழுதிப் பழகும் மணல்தொட்டி எல்லாமே பொதுப் பக்கங்கள்தான். முகப்பில் உங்கள் பெயர் இருக்கிறதே தவிர கதவுக்குப் பூட்டு கிடையாது. நீங்கள் சேமித்த நொடியே அது அண்மைய மாற்றங்கள் என்ற பொதுப் பட்டியலில் வந்துவிடும், உங்கள் பங்களிப்புகளைத் திறக்கும் எவருக்கும் தெரியும், விக்கியின் தேடலிலும் சிக்கும். இப்போது பெயர்களை அழித்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், ஏனென்றால் பக்கத்தின் மேலே வரலாறு என்ற தத்தலை (tab) அழுத்தினால் பழைய பதிப்பு பெயர்களோடு அப்படியே நிற்கும்.

முதலில் பெயர்களை எடுத்துவிடுங்கள். என்ன மாற்றினீர்கள் என்று சேமிக்கும்போது எழுதும் தொகுப்புச் சுருக்கத்தில் "மாணவர் பெயர் நீக்கம்" என்று எழுத வேண்டாம், அது தேடி வருபவருக்கு வழிகாட்டுவது மாதிரி. அப்புறம் நிர்வாகி ஒருவருக்கு மின்னஞ்சலில் சொல்லுங்கள். பேச்சுப் பக்கத்தில் கேட்டால் அதுவும் பொதுவில்தான் நிற்கும். நிர்வாகி நீக்கிய பக்கத்தை மற்ற நிர்வாகிகள் பார்க்க முடியும், ஆனால் சிறுவர்களின் பெயர், பாடசாலை, தொலைபேசி எண் போன்றவற்றை நிர்வாகிகளின் கண்ணுக்கும் படாமல் மறைக்கும் அதிகாரம் உள்ள சிலர் விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவில் இருக்கிறார்கள், அதைக் கேட்டே வாங்குங்கள். விக்கிப்பீடியாவைப் படியெடுத்து வைக்கும் வேறு தளங்களில் ஏற்கெனவே போயிருந்தால் அதை யாராலும் முழுதாகத் திரும்ப எடுக்க முடியாது, அதனால்தான் இன்றைக்கே செய்யச் சொல்கிறேன். கட்டுரைப் பட்டியல் மட்டும் இருந்தால் தாராளமாக வைத்திருங்கள், மற்ற ஆசிரியர்களுக்கும் உதவும்.

ஒரு நோய் பற்றிய கட்டுரையையும் ஒரு கட்சியின் கட்டுரையையும், மாற்றம் வந்தால் தெரியவேண்டும் என்று கவனிப்புப் பட்டியலில் போட்டிருக்கிறேன். மற்றவர்கள் பார்ப்பார்களா? (கொட்டாஞ்சேனை)

மாட்டார்கள். கவனிப்புப் பட்டியல் பக்கமாகச் சேமிக்கப்படுவதில்லை, தரவுத்தளத்தில் உங்கள் கணக்கோடு இருக்கிறது, விக்கிமீடியா வெளியிடும் பொதுத் தரவுப் படிகளிலும் அது சேர்வதில்லை. ஒரு கட்டுரையை எத்தனை பேர் கவனிக்கிறார்கள் என்ற எண்ணிக்கை மட்டும் பக்கத் தகவலில் வரும், யார் யார் என்பது வராது. ஆங்கில விக்கிப்பீடியாவில் கவனிப்பவர்கள் 30 பேருக்குக் குறைவென்றால் அந்த எண்ணிக்கையைக்கூடப் பொதுவில் சொல்வதில்லை, கவனிப்பாரற்ற பக்கம் எது என்று நாசவேலைக்காரருக்குத் தெரியக்கூடாதே.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். பட்டியலை ஓடையாக (feed) வேறு செயலியில் படிக்க ஒரு இரகசியச் சாவி உண்டு, அந்தச் சாவி உள்ள இணைப்பை யாருக்காவது அனுப்பினால் அவர் உங்கள் பட்டியலைப் படிக்கலாம் (அனுப்பிவிட்டிருந்தால் விருப்பத்தேர்வுகளில் சாவியை மாற்றிவிடுங்கள்). மற்றது, அந்தக் கட்டுரையில் ஒரு எழுத்தைத் திருத்தினாலும் உங்கள் பெயர் அங்கே பதிவாகிவிடும்.

பட்டியல் பெருத்துப் பயனில்லாமல் போகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். சேர்க்கும்போதே ஒரு வாரம், ஒரு மாதம் என்று காலாவதி வைக்கலாம். பலரும் அதைத் தொடுவதே இல்லை, அருமையான வசதி.

போன் மாற்றினேன், விக்கிப்பீடியா செயலியில் சேமித்த பட்டியல் முழுக்கப் போய்விட்டது. (மாணவர், தெஹிவளை)

கணக்கில் நுழையாமல் சேமித்திருப்பீர்கள், அப்படிச் சேமித்தது அந்தப் போனோடுதான் இருக்கும். பழைய போன் கையில் இருந்தால் அதில் கணக்கில் நுழைந்து வாசிப்புப் பட்டியல் ஒத்திசைவை இயக்குங்கள், புதியதில் வந்துவிடும். சேமித்த கட்டுரைகள் போனுக்குள் இறங்கிவிடுவதால் ரயிலில் டேட்டா இல்லாமலே படிக்கலாம். ஆனால் போனை யாரிடம் கொடுத்தாலும் பட்டியல் அவர் முன்னால் திறந்துதான் கிடக்கும்.

மருதானையில் நெட் கடையில் உட்கார்ந்துதான் கட்டுரைகளைத் தொகுக்கிறேன். எதில் கவனம் வேண்டும்?

"என்னை நினைவில் வை" என்ற கட்டத்தில் சரி போடாதீர்கள், அது 365 நாள் வரை உங்களை உள்ளேயே வைத்திருக்கும். வெளியேற மறந்து வீட்டுக்கு வந்துவிட்டால் உங்கள் போனில் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள், மற்ற இடங்களில் திறந்து கிடக்கும் கணக்கு வெளியேறிவிடும்.

கட்டுரைகளைப் புத்தகமாகச் சேர்த்து பி.டி.எஃப். எடுக்கும் வசதி எங்கே?

விக்கிப்பீடியாவில் அது 2017இல் நின்றுவிட்டது. ஒவ்வொரு கட்டுரையாக எடுக்கலாம். பழைய புத்தகத்தைக் கணக்கில் சேமித்திருந்தால் அதுவும் பயனர் துணைப்பக்கம்தான், மேலே டீச்சருக்குச் சொன்னது உங்களுக்கும்.

பழைய மாணவர் சங்கத்துக்கு, விக்கிப்பீடியா ஓடும் அதே மீடியாவிக்கி மென்பொருளில் ஒரு தளம் நடத்துகிறோம். உறுப்பினர்கள் தாங்கள் சேர்த்த கட்டுரைத் தொகுப்புகளைச் சேமிக்க வசதி செய்ய வேண்டும், எல்லோருக்கும் தெரியும்படி வைக்கலாமா? (பம்பலப்பிட்டி)

வேண்டாம். தொடக்கத்தில் தனிப்பட்டதாகவே வையுங்கள், விரும்புகிறவர் தாமாகத் திறந்துகொள்ளட்டும். 2015இல் ஆங்கில விக்கிப்பீடியாவின் கைபேசி வடிவில் கேதர் என்று ஒரு சோதனை நடந்தது, வாசகர்கள் கட்டுரைகளைத் தொகுத்துப் பொதுவில் வைக்கலாம். பொதுவில் வந்தால் தலைப்பையும் விளக்கத்தையும் யாராவது கண்காணிக்க வேண்டுமே, அந்தச் சுமை யாருக்கு என்று தொகுப்பாளர்கள் கேட்டார்கள், பிறகு அதை எடுத்தே விட்டார்கள். விக்கிமீடியாவுக்கே அது பாரமென்றால் இரண்டு மூன்று தன்னார்வலர் நடத்தும் தளத்துக்குச் சொல்லவா வேண்டும்?

இன்னொன்று, மீடியாவிக்கி ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே பூட்டுவதற்காகக் கட்டப்பட்ட மென்பொருள் அல்ல. நீட்சி என்ற கூடுதல் நிரல் போட்டு மறைத்தாலும் தேடலிலோ, வார்ப்புருவாக வேறு பக்கத்துக்குள் இணைக்கும்போதோ கசிய வாய்ப்புண்டு. ஆகவே தொகுப்புகளைப் பக்கமாகச் சேமிக்காமல் கவனிப்புப் பட்டியல் மாதிரி தனி அட்டவணையில் வைக்கச் சொல்லுங்கள். சேமி பொத்தானுக்குப் பக்கத்திலேயே, அழுத்துவதற்கு முன்னால் கண்ணில் படும்படி, "இதை நீங்கள் மட்டும் பார்ப்பீர்கள்" அல்லது "இதை எல்லோரும் பார்ப்பார்கள்" என்று தமிழில் எழுதி வையுங்கள். தனியுரிமைக் கொள்கைப் பக்கத்தில் மட்டும் எழுதி வைத்தால் சேமிக்கிற அவசரத்தில் யார் போய்ப் படிப்பார்கள்? அப்படியே முழுப் பட்டியலையும் சாதாரண உரையாக வெளியே எடுத்துக்கொள்ளும் வழியும் கொடுத்துவிடுங்கள், தளம் ஒருநாள் நின்றுபோனாலும் உறுப்பினர்கள் சேர்த்தது அவர்கள் கையில் இருக்கும்.