ரேங்க் வந்துவிட்டது, இனி துறையைப் பாருங்கள்

செம்பூர் அம்மாவுக்கு,

மருத்துவ மேற்படிப்புக்கான நீட் பிஜி ரேங்குக்கு மும்பையிலேயே ஜெனரல் சர்ஜரி கிடைத்துவிடும் போலிருக்கிறது, ஆனால் பெண்ணுக்கு ஆபரேஷன் மட்டும் போதாது, பாடம் நடத்தணும், ஆராய்ச்சியும் செய்யணுமாம், எந்தக் காலேஜ் என்று கேட்டிருந்தீர்கள்.

அமெரிக்காவில் சர்ஜரி துறைகள் பரிந்துரைக் கடிதம், செய்த ஆராய்ச்சி, நேர்முகம் எல்லாம் பார்த்து ஆள் எடுக்கின்றன. 2022 முதல் அங்கே டாக்டர் உரிமத் தேர்வின் முதல் கட்டமான ஸ்டெப் 1-க்கு மதிப்பெண்ணே கிடையாது, பாஸா ஃபெயிலா என்பதுதான். இங்கே நீட் பிஜி ஆனாலும் எய்ம்ஸுக்கான ஐஎன்ஐ சிஇடி ஆனாலும் ரேங்க் ஒன்றுதான் பேசும். நாளைய பேராசிரியர் யார் என்று எந்தத் துறையும் தேடப் போவதில்லை. அதனால் உங்கள் பெண்தான் துறையைத் தேட வேண்டும்.

கவுன்சலிங் பட்டியலை லாக் செய்வதற்குள் கேஇஎம், சயான், நாயர் என்று மனதில் உள்ள ஒவ்வொரு இடத்திலும் மூன்றாம் வருட ரெசிடென்ட் (அங்கேயே மேற்படிப்பு படிக்கும் டாக்டர்) ஒருவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். துறைத் தலைவரிடம் கேட்டால் நல்லதைத்தான் சொல்வார். ரெசிடென்டிடம் கேட்க வேண்டியது இவை: தீசிஸ் தலைப்பு யார் யோசித்தது? டேட்டா நோயாளி வரவர எழுதப்பட்டதா, கடைசி மாதத்தில் உட்கார்ந்து நிரப்பியதா? இறப்புகளையும் சிக்கல்களையும் அலசும் கூட்டத்தில் ஒரு ஜூனியர், "சார், இதை வேறு மாதிரி செய்திருக்கலாமே" என்று சொல்ல முடியுமா? இதற்கு அவர் சிரித்தால், அந்தச் சிரிப்பு எந்த மாதிரி என்று கவனிக்கட்டும். கூடவே, ரெசிடென்ட் கையில் எத்தனை கேஸ் கிடைக்கிறது என்பதும் முக்கியம். ஆபரேஷன் வராத சர்ஜன் சொல்லும் ஆராய்ச்சியை யார் காது கொடுத்துக் கேட்பார்கள்?

ஆராய்ச்சி என்றால் லேப், மைக்ரோஸ்கோப் என்று நினைத்துப் பயப்படுகிறீர்கள். பரேலில் டாடா மெமோரியல் புற்றுநோய் ஆஸ்பத்திரியின் டாக்டர் ராஜேந்திர பட்வே குழு கேட்ட கேள்வி ரொம்ப எளிது: மார்பகப் புற்றுக்கட்டியை எடுக்கும் முன் அதைச் சுற்றி லிக்னோகெய்ன் போட்டால் என்ன? பல் பிடுங்கும்போது போடும் அதே மரப்பு மருந்துதான். 1,583 பெண்களைப் பின்தொடர்ந்தார்கள். 2023இல் முடிவு வந்தது: ஐந்தாண்டு கழித்து உயிருடன் இருந்தவர்கள் ஊசி போடாதவர்களில் 86.4 சதவீதம், போட்டவர்களில் 90.1. மருந்தோ மலிவு. ஆனால் ஆள் சேர்த்து, காத்திருந்து பார்க்கப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. இந்தப் பொறுமை உங்கள் பெண்ணுக்கு இருக்கிறதா?

இருக்கும் என்றே நினைக்கிறேன். நீங்கள் ஃபைலில் வைத்துக் காட்டிய நான்கு பேப்பர்களால் அல்ல. காசு கட்டினால் போடுகிற ஜர்னல்கள் எத்தனையோ உண்டு. இன்டர்ன்ஷிப்பில் வீட்டுக்குப் போன நோயாளிகளுக்கு போன் போட்டு, யாருக்குத் தையலில் சீழ் வைத்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாளே, அதைத்தான் சொல்கிறேன். யாரும் அவளிடம் அதைக் கேட்கவில்லை.

அப்புறம் வருடக் கணக்கு. சர்ஜரி மேற்படிப்பான எம்.எஸ். மூன்று வருடம், பிறகு அசிஸ்டன்ட் புரொஃபசர் ஆகப் பொதுவாக ஒரு வருடம் சீனியர் ரெசிடென்சி. அதற்கும் மேலே, சர்ஜரியில் ஒரு தனிப் பிரிவில் தேர்ச்சி பெறும் எம்.சிஹெச். வேண்டுமென்றால் இன்னும் மூன்று. சம்பளம் கார்ப்பரேட் ஆஸ்பத்திரி அளவுக்கு வராது, அதை இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள். கல்யாணம் எந்த வருடத்தில் என்றும் கேட்டீர்கள். அதற்கு மாதுங்காவில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள், அம்மா.