அக்காகிட்ட கேளுங்க: மிச்சம் இருக்கற கருவை என்ன பண்றது?

கேள்வி: அக்கா, ஐவிஎஃப்ல, அதான் டெஸ்ட் டியூப் முறைல, பொறந்த என் பொண்ணு இப்ப ஸ்கூல் போறா. அப்ப உருவான கருவுல ரெண்டு இன்னும் ஆஸ்பத்திரில ஃப்ரீஸ் பண்ணி இருக்கு, வருஷா வருஷம் பணம் கட்டுங்கன்னு மெசேஜ் வருது. வீட்டுக்காரர் கட்டாத, தானா முடிஞ்சிடும்ன்றார். மாமியார் அது உசுரு, விட்டா பாவம்ன்றாங்க. என் தங்கச்சிக்கு கொழந்த இல்ல, அவளுக்கே குடுத்துடலாமா?
பேர் வேணாம், தண்டையார்பேட்டை

பதில்: தங்கச்சி மேட்டர மொதல்ல முடிச்சிடுவோம்மா, முடியாது. 2021-ல வந்த ஏஆர்டி சட்டப்படி, அதாவது ஐவிஎஃப் மாதிரி சிகிச்சைக்குன்னே போட்ட சட்டப்படி, கருவை விக்கவும் கூடாது, இன்னொருத்தருக்கு கைமாத்தவும் கூடாது, கூடப்பொறந்தவளா இருந்தாலும் அதே கததான். உங்களுக்கு பெரிய மனசு, ஆனா அந்த வழி அடைப்பு. தங்கச்சிய தனியா டாக்டர பாக்க சொல்லுங்க, புருஷனையும் இழுத்துட்டு போகட்டும், ஏன்னா கிட்டத்தட்ட பாதி கேஸ்ல ஆம்பள பக்கமும் பிரச்சன இருக்கு, நம்ம ஏரியால பொண்ணு மட்டும்தான் ஸ்கேன் ஸ்கேனா அலையுது.

உங்க மாமியார் கிட்ட நான் சண்ட போட சொல்லல. பொதுவா அஞ்சாம் நாள் கருவைத்தான் ஃப்ரீஸ் பண்றாங்க, அது நூறு சொச்சம் செல்லு, கடுகை விட சின்னது, இதயம் கிடையாது நரம்பு கிடையாது ரத்தம் கிடையாது. வயித்துல வச்சாலும் எல்லாம் ஒட்டாது. அது புள்ளையாகலாம், ஆகாமலும் போகலாம், இப்போதைக்கு புள்ள இல்ல. இதுக்கு மேல பாவமா இல்லையான்றது அவங்கவங்க நம்பிக்க, ஆனா கையெழுத்து போட வேண்டியது நீங்களும் அவரும் மட்டும்தான், மாமியார் இல்ல.

ஆனா உங்க வீட்டுக்காரர் சொல்றது இருக்கே, அதுதான் எனக்கு புடிக்கல. கட்டாம விட்டுட்டு போன் எடுக்காம இருக்கறது முடிவா? ஃப்ரீஸ் பண்றதுக்கு முன்னாடியே ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு ஏதாவது ஆச்சுன்னா கருவை என்ன பண்ணணும்னு எழுதி வாங்கிட்டுதான் ஆஸ்பத்திரி வைக்கணும், அது சட்டம். அந்த பேப்பர் உங்க ஃபைல்ல இருக்கும், எடுத்து படிங்க, அன்னிக்கு பதட்டத்துல படிக்காமயே போட்டிருப்பீங்க. அதிகபட்சம் 10 வருஷம் வைக்கலாம், அப்புறம் அழிய விடணும், இல்ல உங்க சம்மதத்தோட பதிவு பண்ண ஆராய்ச்சி நிறுவனத்துக்கு தரலாம். ரெண்டாவது புள்ள வேணும்னா அதுக்குள்ள வச்சுக்கலாம், உங்களுக்கு 50 அவருக்கு 55 வயசு வரைக்கும்தான் அனுமதி. வேணாம்னா ரெண்டு பேரும் நேர்ல போய் எழுதி குடுங்க, காப்பி வாங்கிக்கங்க.

கேள்வி: ஃப்ரீஸ் பண்ண கருவுல பொறக்கற புள்ள ஐஸ் மீன் மாதிரி வீக்கா இருக்குமா?
காசிமேடு வாசகர்

பதில்: தம்பி, ஐஸ் பெட்டில பூஜ்ஜியம் டிகிரி பக்கத்துல இருக்கறதால மீன் மெதுவா கெட்டுட்டேதான் இருக்கும், கரு இருக்கறது மைனஸ் 196 டிகிரி நைட்ரஜன் திரவத்துல, அங்க எதுவுமே நகராது. ஐஸ் துகள் உருவாகாத மாதிரி படக்குனு உறைய வைக்கறாங்க, எடுக்கும்போது சிலது தேறாம போறதும் உண்டு. இது நேத்து வந்த சமாச்சாரமும் இல்ல. உலகத்துல மொத டெஸ்ட் டியூப் பேபி 1978 ஜூலைல இங்கிலாந்துல, அடுத்த ரெண்டு மாசம் சொச்சத்துல அக்டோபர் 3, கல்கத்தால டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் ஃப்ரீஸ் பண்ண கருவுலயே ஒரு பெண் கொழந்தைய பொறக்க வச்சார். அரசாங்க கமிட்டி நம்பல, அசிங்கப்படுத்தினாங்க, 1981-ல மனுஷன் தற்கொல பண்ணிக்கிட்டார். இந்தியாவோட மொத டெஸ்ட் டியூப் பேபின்னு 1986-ல பேர் வாங்கின மும்பை டீம்ல இருந்த விஞ்ஞானி ஆனந்த் குமாரே அப்புறம் அவரோட குறிப்பெல்லாம் பாத்துட்டு மொதல்ல பண்ணது அவர்தான்னு சொன்னார், எத்தன பேருக்கு அந்த மனசு வரும்.

சரி உங்க கேள்வி. ஃப்ரீஸ் பண்ண கருவுல பொறக்கற புள்ளைங்க, ஃப்ரீஸ் பண்ணாம வச்ச கருவுல பொறக்கறதுங்கள விட சராசரியா வெயிட் கொஞ்சம் கூடத்தான் பொறக்குது. கவனிக்க வேண்டியது அம்மாவ, கர்ப்பத்துல பிரஷர் ஏற சான்ஸ் கொஞ்சம் அதிகம், ஒவ்வொரு செக்கப்லயும் பிபி பாக்க சொல்லுங்க.

கேள்வி: ஆம்பள கருவா பாத்து வைக்கறாங்களாமே, பக்கத்து வீட்ல சொல்றாங்க?
திருவொற்றியூர் வாசகி

பதில்: குத்தம். அப்படி விளம்பரம் பண்ற ஆஸ்பத்திரிக்கு 5-லேர்ந்து 10 வருஷம் ஜெயில், இல்ல 10-லேர்ந்து 25 லட்சம் அபராதம், ரெண்டும் சேந்தும் வரலாம். பக்கத்து வீட்டுக்கும் சொல்லிடுங்க.