இன்றைய இளைஞர்கள் பெரிய பழைய கிளாசிக் கார்களைப் பார்த்தால் என்ன நினைக்கிறார்கள்?

என்னிடம் 1967 மாடல் செவ்ரோலே இம்பாலா என்ற அமெரிக்கக் கார் இருக்கிறது. நாலு கதவு, எட்டு சிலிண்டர் கொண்ட வி8 எஞ்சின், பதினேழே முக்கால் அடி நீளம். பன்னிரண்டு வருடமாக ஓட்டுகிறேன். அதைச் சுற்றிச் சுற்றி வந்த பள்ளிப் பிள்ளைகள், கல்லூரிப் பிள்ளைகள், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் என்று எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று. "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பழைய வண்டியின் அருமை தெரியாது" என்று என் வயதுக்காரர்கள் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. நான் பார்த்தது வேறு. தொடவிட்டால் ஒட்டிக்கொள்கிறார்கள். "தொடாதே" என்று சொன்னால் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

முதலில் அவர்களை அசத்துவது நீளம்தான். முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை காலடி வைத்து அளந்து பார்க்காத பையன்கள் குறைவு. "இது எத்தனை டன் இருக்கும்?" என்பார்கள். இன்றைய நடுத்தர மின்சாரக் கார்கள் பல இதைவிட எடை கூடியவை என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். உடனே போனில் தேடிப் பார்த்துவிட்டு வாயைப் பிளப்பார்கள். பழைய காரில் மின்சாரக் காரில் உள்ளது போன்ற பெரிய பேட்டரிப் பெட்டியும் கிடையாது, காற்றுப் பைகளும் கிடையாது. பெரும்பகுதி வெறும் இடம். பானெட்டைத் திறந்தால் எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் தரை தெரியும். "மீதியெல்லாம் எங்கே?" என்று ஒரு பெண் கேட்டாள். மீதி என்று எதுவும் இல்லை, இவ்வளவுதான் கார். அந்தக் கேள்வியை நான் மறக்கவே இல்லை.

பாதிப் பேருக்கு இந்தக் கார் ஏற்கெனவே தெரிந்திருக்கிறது, அது எனக்கே ஆச்சரியம். 2005-ல் தொடங்கிப் பதினைந்து சீசன் ஓடிய 'சூப்பர்நேச்சுரல்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் வருவது கறுப்பு நிற 1967 இம்பாலா, அதுவும் நாலு கதவு. அதனால் என் டிக்கியைத் திறந்து காட்டச் சொல்வார்கள்; தொடரில் உள்ளது போல ஆயுதங்கள் இருக்காதா என்று ஒரு ஆசை. ஒரு காலத்தில் சேகரிப்பாளர்கள் இரண்டு கதவு வண்டியைத்தான் தேடினார்கள், நாலு கதவை யாரும் சீந்த மாட்டார்கள். இன்று இளைஞர்கள் கேட்டு வருவதே அந்த நாலு கதவைத்தான். திரையில் பார்த்து வரும் ஆசையை மட்டமாகப் பேசுகிறவர்கள் உண்டு. எந்த வழியாக வந்தால் என்ன, வந்துவிட்டார்களே!

அடுத்து வரும் கேள்வி, "ஏன் இவ்வளவு பெரிசா செஞ்சாங்க?" பெட்ரோல் மலிவு, 1956 நெடுஞ்சாலைச் சட்டத்துக்குப் பிறகு அமெரிக்காவில் போடப்பட்ட நீண்ட சாலைகள், நீளம்தான் அந்தஸ்து என்ற எண்ணம், இவை மூன்றும் சேர்ந்துதான். பியூக் எலெக்ட்ரா 225 என்ற காரின் பெயரில் உள்ள 225 அதன் நீளம், அங்குலத்தில். காரின் நீளத்தையே பெயராக வைத்து விற்ற காலம் அது. 1973 அக்டோபரில் எண்ணெய் தடை வந்தது, 1975-ல் எரிபொருள் சிக்கனச் சட்டம் வந்தது, 1977 மாடலில், செவ்ரோலே, பியூக் கார்களைச் செய்யும் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பெரிய கார்களையெல்லாம் சுருக்கிவிட்டது. இம்பாலாவே ஏறக்குறைய பத்து அங்குலம் குறைந்தது. இந்தக் கதையைச் சொன்னால் காது கொடுத்துக் கேட்கிறார்கள். பெருமூச்சு விட்டு "அதெல்லாம் ஒரு காலம்" என்றால் நகர்ந்துவிடுகிறார்கள்.

பிடிக்காதவர்களும் இருக்கிறார்கள். புகை நாற்றத்தில் முகம் சுளித்து விலகியவர்கள் உண்டு. 1975 மாடலுக்குமுன் வந்த கார்களில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் கிடையாது, எரியாத பெட்ரோல் வாடை அப்படியே வரும். "இது லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?" என்று கேட்டு, "அஞ்சு கிலோமீட்டர்" என்றதும் ஒரு இளைஞர் எதுவும் பேசாமல் என்னையே பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்னிடம் பதில் இல்லை. வருடத்துக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவதில்லை என்பது மட்டும் உண்மை.

என் அக்கா மகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவளுக்குப் பதினாறு வயதானபோது சும்மா ஒருநாள் சாவியைக் கொடுத்து ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். சாவியைத் திருகினாள், இரண்டு மூன்று தடவை இருமிவிட்டு நின்றுவிட்டது. ஆக்சிலரேட்டரை ஒருமுறை முழுக்க மிதித்து விட வேண்டும், அப்போதுதான் எஞ்சினுக்குள் போகும் காற்றைக் குறைக்கும் சோக் மூடிக்கொள்ளும், அதற்குப் பிறகு சாவி. மறுபடி செய்தாள். எஞ்சின் பிடித்து, வண்டி மொத்தமும் ஒரு குலுங்கு குலுங்கியது. "மாமா, இது எனக்குக் கட்டுப்படுது!" என்று கத்தினாள். அவள் வளர்ந்த கார்களில் பொத்தானை அழுத்தினால் போதும்; மீதியைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். இதில் அவள் கால் செய்தது எஞ்சினில் கேட்டது. ஹெட்லைட்டை டிம் பண்ணும் சுவிட்சு தரையில் இருக்கிறது, இடது காலால் மிதிக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்க அவளுக்குப் பத்து நிமிடம் ஆனது, நான் சொல்லவே இல்லை.

ஓட்டப் பழகும் வயது வந்ததும், அவள்தான் எனக்கு ஒரு வீடியோவைக் காட்டினாள். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் 2009-ல் நடத்திய சோதனை. 1959 செவ்ரோலே பெல் ஏரையும் 2009 செவ்ரோலே மாலிபுவையும் மணிக்கு 40 மைல் வேகத்தில் நேருக்கு நேர் மோதவிட்டார்கள். பழைய கார் கனமான இரும்பு, அதுதான் தாங்கும் என்று நான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன். பெல் ஏரில் ஓட்டுநர் உட்காரும் இடமே நொறுங்கி உள்ளே வந்துவிட்டது. உள்ளே மனிதர் இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார். மாலிபுவில் இருந்தவர் சிறு காயத்தோடு இறங்கியிருப்பார். மூன்று முறை போட்டுப் பார்த்தேன். பிறகு ஒருவரிடமும் அந்தப் பேச்சைப் பேசவில்லை.

"எனக்கு இந்த வண்டி வேணும் மாமா, ஆனா தோள் பெல்ட் போடாம நான் ஓட்ட மாட்டேன்" என்றாள். இதில் இருந்தது இடுப்பு பெல்ட் மட்டும்தான். கூரைத் தூணின் உள்ளே இரும்புத் தகடு வைத்து வலுவாக்கி, முன் இருக்கை இரண்டுக்கும் தோள் பெல்ட் பொருத்தினோம். அசல் தன்மை போய்விட்டதே என்று நண்பர்கள் இரண்டு பேர் வருத்தப்பட்டார்கள். எனக்கு அந்த வருத்தம் இல்லை.

அவள் ஓட்டிய முதல் நாள் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அரைமணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை, இரண்டு கையும் ஸ்டியரிங்கில். வீடு வந்து எஞ்சினை அணைத்ததும், "பிரேக் பிடிச்சா வண்டி லேசா இடது பக்கம் இழுக்குது மாமா, உங்களுக்குத் தெரியலையா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை, பழகிப்போய்விட்டது. மறுநாள் இருவரும் முன் சக்கரங்களைக் கழற்றி பிரேக் டிரம்மைத் திறந்தோம். வலது பக்கம் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டரில் கசிவு.